கோடையில் ஆட்டுப்பால் பாதியாகிவிட்டது: இனமா, தீனியா, வெயிலா?

கேள்வி, 11 ஏப்ரல், காலை

என்னிடம் ஆறு கலப்பினப் பெட்டை ஆடுகள் இருக்கின்றன. ஈன்று ஒன்றரை மாதம் ஆனபோது ஒவ்வொன்றும் வேளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கறந்தது. வெயில் ஏறியதிலிருந்து இரண்டு வேளையும் சேர்த்தே ஒரு லிட்டர்தான் வருகிறது. அடர்தீவனத்தை (தானியமும் பிண்ணாக்கும் கலந்தது) இருமடங்காக்கிப் பார்த்தேன், பலனில்லை. இனம் சரியில்லை என்கிறார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சுத்த சானென் வாங்கலாமா?

11 ஏப்ரல், இரவு

வாங்காதீர்கள். இருக்கும் ஆறை விற்கவும் வேண்டாம்.

சானென் சுவிட்சர்லாந்தின் பள்ளத்தாக்கில் உருவான இனம். அதிகம் கறக்கும் ஆடு எது என்றால் அதைத்தான் சொல்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பால் குளிர்ந்த காற்றும் இளம்புல்லும் சேர்ந்து கொடுத்த பால். அதே ஆட்டை வெப்ப நாட்டில் தகரக் கூரைக்கு அடியில் கட்டினால், உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதா பால் சுரப்பதா என்று தவிக்கும். தோலும் வெளுப்பு, மடியும் காது நுனியும் வெயிலில் வெந்துபோகும். இந்த ஆடு எதுவரை கறக்கக்கூடும் என்பதைத்தான் இனம் சொல்கிறது. இன்று காலை பாத்திரத்தில் எவ்வளவு விழும் என்பது வேறு பத்து விஷயங்களின் கையில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆட்டின் வாய் வழியாக நடப்பவை.

முதலில் ஈன்ற தேதியைச் சொல்லுங்கள். ஈன்றதிலிருந்து பால் ஏறிக்கொண்டே போய், நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் உச்சத்தைத் தொடும். பிறகு இறங்கத்தான் செய்யும். பனிமலையில் கட்டினாலும் இறங்கும். உச்சம் கழிந்த நாளும் வெயில் ஏறிய நாளும் உங்களுக்கு ஒன்றாக வந்திருந்தால், இரண்டு பேர் செய்த திருட்டுக்கு ஒருவன் தலையில் பழியைப் போடுகிறீர்கள்.

அடர்தீவனத்தை இன்றே குறைக்கத் தொடங்குங்கள். ஒரேயடியாக வேண்டாம், நாலைந்து நாளில் படிப்படியாக. ஒரு லிட்டர் பாலுக்கு 400 கிராம் என்பது நடைமுறைக் கணக்கு. ஒரு லிட்டர் கறக்கிற ஆட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொட்டினால் இரைப்பையில் புளிப்பு ஏறும், அசைபோடுவது குறையும், புழுக்கை களியாகும். பாலில் கொழுப்பு முதலில் போகும், பிறகு பாலே போகும்.

12 ஏப்ரல்

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். ஆறும் பிப்ரவரி 12ஐ ஒட்டி ஒரு வாரத்துக்குள் ஈன்றவை. ஆக, எட்டு வாரம் முடிந்துவிட்டது. உச்சம் கழிந்தது என்று நான் சொன்னது சரிதான். ஆனால் உச்சம் கழிந்தால் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும். பத்து நாளில் பாதியாகக் கூடாது. ஆகவே இன்னொரு திருடன் இருக்கிறான்.

தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டதற்கு, "கொட்டகைக்கு வெளியே, வேலியோரம், 200 லிட்டர் சிமெண்டுத் தொட்டி, எப்போதும் நிறைந்திருக்கும்" என்கிறார். நிழல்? இல்லை.

பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஆடு தன் உடம்புக்குக் குடிப்பது போக, ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். வெயிலில் மூச்சிரைத்து விடும் ஈரத்துக்குத் தனிக் கணக்கு. நண்பகலில் அந்தத் தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள். குளிக்கிற பதத்தில் இருக்கும்.

எனக்கும் இதே கதைதான். தொட்டி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒருநாள் மதியம் சும்மா உட்கார்ந்து கவனித்தேன். என் ஆடு கருப்பி வந்தாள், மூக்கை நீரின் மேல் கொண்டுபோனாள், மேல் உதட்டைச் சுருக்கினாள், திரும்பிப் போய்விட்டாள். தொட்டியில் நாலு புழுக்கை மிதந்துகொண்டிருந்தது. ஆட்டைப் போலச் சுத்தம் பார்க்கும் பிராணி வேறு இல்லை. மாடு குடித்துவிடும், ஆடு தாகத்தோடு நிற்கும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, புழுக்கை விழாத உயரத்தில் வைத்து, நாளுக்கு இருமுறை கழுவி ஊற்றினேன். நாலாம் நாள் ஆட்டுக்கு 300 மில்லி கூடியது.

13 ஏப்ரல்

தண்ணீரில் ஐஸ் போடலாமா என்று ஒருவர் கேட்கிறார். நிழல் போடுங்கள், போதும்.

15 ஏப்ரல்

வெயிலைப் பற்றி எழுதாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று புகார் வந்திருக்கிறது. எழுதுகிறேன்.

ஆட்டுக்குச் சுகமான வெப்பநிலை ஏறக்குறைய 12 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கு மேல் அது உடம்பைக் குளிர்விக்கச் செலவு செய்யத் தொடங்கும். ஆட்டுக்கு வியர்வை குறைவு. பெரும்பாலும் மூச்சாலேயே வெப்பத்தை வெளியேற்றும். ஓய்வாக நிற்கும் ஆடு நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சுவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஆட்டைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பயத்தில் இரைக்கும், கணக்கு கெடும்.

என் கொட்டகையில் சென்ற வாரம் எண்ணியது: வெள்ளைக் கலப்பினம் 92, நீளக் காதுக் கருப்பி 46. ஒரே கூரை, ஒரே தொட்டி, ஒரே தீனி. நீளமான தொங்கு காதும் மெல்லிய உடலும் அழகுக்காக வந்தவை அல்ல. ரத்தம் அந்தக் காதுகளில் ஓடி வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது.

தகரக் கூரை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். ஆடு நிற்கும் இடத்தில், ஆட்டின் முதுகு உயரத்துக்குக் குனிந்து, உள்ளங்கையைக் கூரையைப் பார்க்கத் திருப்பிப் பிடியுங்கள். கை சுடும். நாம் கொட்டகையை நிழல் என்கிறோம். ஆட்டுக்கு அது தலைகீழாகக் கவிழ்த்த அடுப்பு. கூரைக்கு மேலே வெள்ளையடித்து, அதன் மேல் ஓலையோ வைக்கோலோ பரப்பினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். புதிதாகக் கட்டுபவர்கள் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். காலை மாலைச் சாய்வெயில் உள்ளே நீளாது.

16 ஏப்ரல்

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. தெளிப்பான் வைத்தேன், பால் இன்னும் குறைந்தது என்று கடற்கரையோரத்து நண்பர் எழுதியிருக்கிறார். குறையத்தான் செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் மூச்சின் ஈரமும் ஆவியாகாது, தோலின் ஈரமும் ஆவியாகாது. நனைந்த தரை, ஏறும் அம்மோனியா வாடை, குளம்பு அழுகல் எல்லாம் சேர்ந்து வரும். வறண்ட வெப்பத்துக்குத் தண்ணீர், புழுக்கத்துக்குக் காற்று. பக்கச் சுவரை இடித்துக் கம்பிவலை போடுங்கள். மின்விசிறி இரண்டாம் பட்சம்.

20 ஏப்ரல்

தீனி வேளை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று கோடைகள் ஆயின.

ஆடு தின்ற நார் இரைப்பையில் புளிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. நார் முற்றியதாக இருந்தால் வெப்பம் இன்னும் அதிகம். காலை ஒன்பது மணிக்குக் காய்ந்த சோளத்தட்டையைப் போட்டால், சரியாக வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஆட்டின் வயிற்றுக்குள் அடுப்பு எரியும். புத்தியுள்ள ஆடு தின்பதை நிறுத்திவிடும். "தீனி எடுக்க மாட்டேன் என்கிறது, நோய்" என்று நாம் மருந்தைத் தேடுவோம்.

இப்போது நான் விடியற்காலை ஐந்தரைக்குப் பசுந்தீவனம் போடுகிறேன். பகலில் கொஞ்சம் இலை மட்டும் தொங்கவிடுகிறேன், அது பொழுதுபோக்குக்கு. மாலை ஆறரைக்கு முக்கியத் தீனி. இரவு பத்து மணிக்கு இன்னொரு முறை. இரவில் கொட்டகைப் பக்கம் போனால் பதினொரு வாய்கள் மெல்லும் சத்தம் மழை போலக் கேட்கும். என்னைப் பொறுத்தவரை கோடையில் பால் உருவாவது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று: தீனித் தொட்டியைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது, நன்றாகத் தின்றது என்று மகிழாதீர்கள். ஆடு இலையைத் தின்னும், தண்டை ஒதுக்கும். அதற்கு ஒதுக்க இடம் கொடுக்க வேண்டும். போட்டதில் ஐந்தில் ஒரு பங்காவது மிஞ்சினால்தான் நல்லதைத் தேர்ந்து வயிறு நிறையத் தின்றது என்று பொருள். மிச்சத்தை சினையில்லாத ஆட்டுக்கோ எருக்குழிக்கோ கொடுங்கள். வீண் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, தண்டைக் கட்டாயப்படுத்தித் தின்னவைத்து இழந்த பாலை எண்ணிப் பார்த்தபின் தோன்றவில்லை.

23 ஏப்ரல்

என்னையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவை வாய் வழியாகத்தான் நடக்கின்றன என்று 11ஆம் தேதி வீராப்பாக எழுதிவிட்டேன். கால்நடை மருத்துவம் படித்த ஒரு தங்கை நயமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். வெயிலில் நிற்கும் பசு எவ்வளவு தின்கிறதோ அதே அளவை மட்டும் குளிர்ந்த இடத்தில் நிற்கும் பசுவுக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு தின்றும் வெயிலில் நின்றதன் பால் அதிகம் குறைந்தது. தீனி குறைந்தது பால் இழப்பில் பாதி அளவுக்கே காரணம். மீதி, வெப்பம் உடம்புக்குள்ளே செய்யும் வேலை. தோலை நோக்கி ரத்தம் திரும்புகிறது, சர்க்கரைச் சத்தை மடிக்கு அனுப்பாமல் உடம்பு தனக்கே செலவழிக்கிறது.

அது பசு, இது ஆடு என்று வாதாடலாம்; ஆடு வெயிலை மாட்டைவிட நன்றாகத் தாங்கும் என்பதும் உண்மை. இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். இரவுத்தீனி மட்டும் போதாது, கூரையையும் பார்க்க வேண்டும்.

27 ஏப்ரல்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

12ஆம் தேதி, தொட்டியை மாற்றியதும் 300 மில்லி கூடியது என்றேன். அந்த வருடம் நான் குவளையால் அளந்துகொண்டிருந்தேன். கறந்த கையோடு, நுரையோடு. முன்பு கறந்தது நான். தொட்டியை மாற்றிய வாரத்தில் கறந்தது அத்தை. அத்தை கறந்தால் பாத்திரத்தில் நுரை பொங்கி நிற்கும், எனக்கு அந்தக் கை வராது. ஆகவே அந்த 300இல் எவ்வளவு பால், எவ்வளவு காற்று, எவ்வளவு அத்தை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

இப்போது தராசு. காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கறந்ததும் தூக்கி வைத்தால் கிராம் வரும். நுரைக்கு எடை கிடையாது. ஒரு லிட்டர் ஆட்டுப்பால் ஏறக்குறைய 1,030 கிராம். கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் முதலில் சொன்ன வேளைக்கு ஒரு லிட்டர் எதில் அளந்தது?

27 ஏப்ரல், சற்றுப் பின்

குவளையாம். நுரையோடாம்.

4 மே

அத்தையின் கை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் நாலு நாள் ஊருக்குப் போனபோது நான் கறந்தேன், பால் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. இம்முறை தராசில் பார்த்தது. அவரிடம் ரகசியம் கேட்டேன். "உனக்கு அவசரம், அதற்குத் தெரிகிறது" என்றார்.

அறிவியல் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறது. மடியைத் துடைத்து வருடினால் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, மேலே நுண்ணறைகளில் இருக்கும் பாலைப் பிழிந்து கீழே தள்ளும். ஆடு மிரண்டால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். ஆட்டு மடியின் கீழ்ப்பகுதிப் பை பெரியது. பெரும்பங்குப் பால் முன்பே அங்கே இறங்கிக் காத்திருக்கும். அதனால்தான் ஆட்டைக் கறக்கக் கற்பது எளிது, மோசமாகக் கறந்தாலும் ஏதோ வந்துவிடும். கடைசிப் பால்தான் மேலேயே நின்றுவிடும். கொழுப்பு மிகுந்தது அதுதான். அதை விட்டுவிட்டால், பால் தேவையில்லை போலும் என்று மடி நினைத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை மட்டும் கறப்பதாலும் இதுதான் நடக்கிறது. பசுவுக்கு ஆகும் நஷ்டத்தைவிட ஆட்டுக்குக் குறைவு, அவ்வளவே.

5 மே

கொம்பில்லாத ஆடு அதிகம் கறக்கும் என்பது உண்மையா என்று ஒரு கேள்வி. தலைப்பை விட்டு விலகுகிறோம், பரவாயில்லை.

பொய். ஐரோப்பியக் கறவை இனங்களில் கொம்பில்லாதவை நிறைய என்பதால் வந்த நம்பிக்கை. கொம்பில்லாக் கிடாவையும் கொம்பில்லாப் பெட்டையையும் சேர்த்தே கொண்டுபோனால் வேறு வினை வரும். கொம்பைத் தடுக்கும் மரபணு மாற்றம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துசேர்ந்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டி பெட்டையும் இல்லாமல் கிடாவும் இல்லாமல் மலடாகிப்போகும். அந்த மாற்றம் எது என்று 2001இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். கொம்பிலும் ரத்தம் ஓடுகிறது, அதுவும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. முட்டினால் வலிக்கும் என்பதைத் தவிர அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலோ நுபியன் இங்கிலாந்தில் உருவானது. ஆனால் அதற்குள் இந்திய இனமான ஜமுனாபாரி உள்ளிட்ட கிழக்கத்திய, ஆப்பிரிக்கக் கிடாக்களின் ரத்தம் இருக்கிறது. சானெனைவிடக் குறைவாகக் கறக்கும், கொழுப்பு அதிகம், வெயிலில் நிற்கும். பீட்டலும் ஜமுனாபாரியும் சொந்த மண்ணிலேயே சூட்டில் வளர்ந்தவை. கலப்பினம் செய்பவர்கள் முதல் தலைமுறைக் குட்டியைப் பார்த்து மயங்கி, மறுபடியும் மறுபடியும் வெளிநாட்டுக் கிடாவையே போட்டு ரத்தத்தை ஏற்றுகிறார்கள். பால் ஏறுவதற்குள் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. பாதிக்குப் பாதி அளவோடு நிறுத்துவது பல இடங்களில் போதுமானது. முக்கால் பங்கு வேண்டும் என்பவர்கள் முக்கால் பங்கு குளிர்ச்சிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

19 மே

பசுந்தீவனம் இல்லை, வெறும் காய்ந்த புல்தான் என்று எழுதுகிறவர்களுக்கு. வெப்ப மண்டலப் புல் சீக்கிரம் முற்றும். முற்றிய புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பை நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு இல்லை. அவை பட்டினி கிடந்தால் நார் செரிக்காது, வயிறு காலியாகாது, ஆடு மேற்கொண்டு தின்னாது. வயிறு உப்பலாகத் தெரியும், மடி சுருங்கியிருக்கும். மேலே தானியம் கொட்டினாலும் இது தீராது. மர இலைதான் மருந்து: அகத்தி, கிளைரிசிடியா, மல்பெரி, வேலிமசால், சூபாபுல். மரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதால் புல் கருகிய பின்னும் இலை கிடைக்கும். கிளைரிசிடியாவை முதல் நாள் ஆடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அரைநாள் வாடவிட்டுக் கொடுங்கள்.

சூபாபுல் தின்றால் முடி கொட்டும் என்று பயமுறுத்துவார்கள். பயம் பொய்யல்ல. அதில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கால்நடைகள் அதனால் அவதிப்பட்டன. ஹவாயில் ஆடுகள் அதையே தின்று ஆனந்தமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய ஆட்டுக்குள் விட்டார்கள், அவையும் தாங்கத் தொடங்கின. நச்சை முறிக்கும் அந்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டின் வயிற்று நீர் விமானம் ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். நமக்குப் பாடம்: மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

8 ஜூன்

அவமானக் கதை. ஐந்தாம் எண் ஆட்டுக்கு ஒரு வாரமாகக் காலைப் பால் மட்டும் பாதி. வெயில் என்றேன், பிண்ணாக்கு மாற்றியது என்றேன், மடிநோய் என்று கறந்து கறந்து பார்த்தேன். நேற்று இரவு பதினொன்றுக்கு டார்ச்சோடு போனால், தடுப்பு வேலியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மூன்று மாதக் குட்டி தலையை நீட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் எண் அதன் தாய்கூட இல்லை. வசதியாக நின்றுகொண்டிருந்தது.

26 ஜூன்

மழை வந்துவிட்டது. வெப்பம் இறங்கியும் பால் ஏறவில்லை என்று மூன்று பேர் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறார்கள். மூவருமே ஆட்டைக் காலையில் ஈரப்புல்லில் மேய்ப்பவர்கள்.

கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக இருக்கிறதா, வெளிறிய இளஞ்சிவப்பா, காகித வெள்ளையா? ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு ரத்தம் குடிப்பது. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி ரத்தம் தினமும் போகிறது. ஆயிரம் என்பது பெரிய எண் அல்ல. ஒரு பெண் புழு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ரத்தத்திலிருந்துதான் பால். தாடைக்குக் கீழே பை போல வீங்கினால் நிலைமை முற்றிவிட்டது.

புழுவின் இளம்பருவம் பனியும் மழையும் நனைத்த புல்லில் ஏறி, கீழ்ப்பகுதியில் காத்திருக்கும். ஈரம் காய்ந்த பின் மேயவிடுங்கள், புல்லை ஒட்ட மேயவிடாதீர்கள். மர இலை மறுபடியும் கைகொடுக்கிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் புழு ஏறாது.

எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஊற்றும் பழக்கம் எனக்கும் இருந்தது. விட்டுவிட்டேன். அப்படிச் செய்தால் மருந்துக்கு அஞ்சாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இமை நிறத்தை ஐந்து படியாக வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறியதற்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் தோன்றியது. ஃபமாச்சா என்பார்கள். ஆடு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகச் செரித்துவிடும். செம்மறிக்கான அளவை ஆட்டுக்கு ஊற்றினால் புழுவுக்குப் பயிற்சி கொடுத்ததுபோல. அளவையும், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

27 ஜூன்

கண் சிவந்திருந்தால் புழு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தூசியும் கண்நோயும்கூட இமையைச் சிவக்கவைக்கும். நேற்று எழுதும்போது விட்டுப்போனது.

9 ஜூலை

மடிநோய். கட்டியாக, மஞ்சளாக வந்தால் யாருக்கும் தெரியும். தெரியாமல் வருவதுதான் பாலைத் தின்னும். நான் செய்வது: மாதம் ஒருமுறை இரண்டு காம்பையும் தனித்தனிப் பாத்திரத்தில் கறந்து எடைபோடுவேன். வழக்கமாகச் சமமாக இருக்கும் மடியில் ஒரு பக்கம் திடீரென்று குறைந்தால் அந்தப் பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

பசுவுக்குச் செய்யும் சோதனைத் திரவத்தை ஆட்டுப்பாலில் விட்டுப் பார்த்து, எல்லாம் கெட்டிப்பட்டுவிட்டது, எல்லா ஆட்டுக்கும் நோய் என்று அலறியவன் நான். ஆட்டு மடி பால் சுரக்கும்போதே செல் துணுக்குகளும் உதிர்ந்து சேரும். கறவையின் கடைசி மாதங்களில் அது இன்னும் அதிகம். பசுவின் அளவுகோலை அப்படியே வைக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் பாலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

12 ஜூலை

இப்போது கேள்வி கேட்டவரின் கணக்குக்குத் திரும்புகிறேன். ஏப்ரல் கடைசியிலிருந்து தராசில் எழுதிய தாள்களை அனுப்பியிருக்கிறார். கூரைக்கு வெள்ளையடித்தார், தொட்டியை மாற்றினார், இரவுத்தீனி தொடங்கினார். மே நடுவில் ஆட்டுக்கு 1,150 கிராமிலிருந்து 1,400க்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கி, இன்று 1,200. முதலில் சொன்ன இரண்டு லிட்டரில் நுரை எவ்வளவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு விழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தாளை வைத்துக்கொண்டு யோசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஏப்ரலிலேயே என் முன்னால் இருந்தது, பார்க்கத் தவறிவிட்டேன். பிப்ரவரி 12இல் ஈன்றால் உச்சம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அதாவது ஆடு வாழ்நாளிலேயே அதிகம் தின்ன வேண்டிய வாரங்களில் வெயிலும் ஏறுகிறது, பசுந்தீவனமும் தீர்கிறது. சினை 150 நாள். பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 15. தவறு நடந்தது அன்றைக்கு, கிடாவை அவிழ்த்துவிட்ட நாளில். கோடையில் நாம் செய்தது எல்லாம் ஒட்டுப்போடும் வேலை.

குளிர் நாட்டில் ஆடு பகல் நீளம் குறையும்போதுதான் பருவத்துக்கு வரும். அங்கே தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகல் நீளம் பெரிதாக மாறாததால், நன்றாகத் தின்னும் ஆடு ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும். வெப்ப நாடு நமக்குக் கொடுத்த ஒரே சலுகை அது, அதையும் கிடாவின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம்.

எப்போது சேர்ப்பது? மழையோடு ஈன்றால் தீனி நிறைய, ஆனால் குட்டிக்குச் சளியும் தாய்க்குப் புழுவும். நான் அப்படிச் செய்து ஒரே மாதத்தில் நாலு குட்டிகளை இழந்தவன். மழை ஓய்ந்து, காற்று குளிர்ந்து, வெட்டி வைத்த தீனி கையிருப்பில் இருக்கும் காலம்தான் நல்லது. உங்கள் இடத்து மழையை வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். நம் நண்பருக்கு ஜூலை 20 வாக்கில் சேர்த்தால் டிசம்பர் 17இல் ஈனும், உச்சம் ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி தொடக்கத்துக்கும் இடையில் விழும். ஈனுவதற்கு 60 நாள் முன்பு, அக்டோபர் 18இல் கறவையை நிறுத்த வேண்டும். பால் வருகிறதே என்று அதற்கு மேலும் கறந்தால் மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது, அடுத்த ஈற்றில் கடனைக் கழித்துக்கொள்ளும்.

அவருடைய ஆறில் நாலு இரண்டாம் ஈற்றில் இருப்பவை. ஆடு மூன்றாவது, நாலாவது ஈற்றில்தான் முழுமையாகக் கறக்கும். இரட்டைக் குட்டி சுமந்த ஆட்டுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து மடிக்குப் போகும் தூண்டுதலும் அதிகம். விற்றிருந்தால் வாங்கியவர் மகிழ்ந்திருப்பார்.

26 ஜூலை

கிடாவைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கட்டலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. பாலில் வாடை ஏறும், குடிப்பவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள். நாளுக்கு அரைமணி நேரம் வேலிக்கு அப்பால் நடத்திக் காட்டினால் போதும்.

இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு செய்தி அனுப்பினார். நாலாம் எண் காலையிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு கத்துகிறது, தீனியை முகர்வதோடு சரி, பால் 200 கிராம் குறைவு. சென்ற ஆண்டு இதே அறிகுறியைப் பார்த்து நான் பிண்ணாக்கை மாற்றி, உப்பைக் கூட்டி, மருத்துவரையும் அழைத்துவிட்டேன். இரண்டு நாளில் தானாகச் சரியாயிற்று. சரியாக 21 நாள் கழித்து மறுபடியும் வந்தது. பருவம்.

அவரிடம் தீவனத்தில் கைவைக்க வேண்டாம், கிடாவை அழைத்து வாருங்கள் என்று மட்டும் எழுதினேன். தாளில் எப்படிக் குறித்துக்கொண்டார் தெரியுமா? "நாலாம் எண், 980 கிராம், காரணம்: காதல்."